அடுப்பு மூட்டப்பட்டபோது ஊர் எவ்வளவு பெரியது? அமெரிக்க பார்பிக்யூவும் நகரங்களின் அளவும்

அமெரிக்காவில் பார்பிக்யூ பற்றிப் பேச்செடுத்தால் நான்கு பெயர்கள் தவறாமல் வந்துவிடும்: கரோலைனா, டெக்சஸ், மெம்பிஸ், கன்சாஸ் சிட்டி. முதல் இரண்டும் மாநிலங்களின் பெயர்கள் (கரோலைனா என்பது வட, தென் என இரண்டு மாநிலங்கள்). அடுத்த இரண்டும் நகரங்களின் பெயர்கள். ஒரே உணவு ஓரிடத்தில் மாநிலத்தின் பெயரையும் இன்னோரிடத்தில் நகரத்தின் பெயரையும் ஏன் எடுத்துக்கொண்டது? டெக்சஸின் ஹூஸ்டன் இன்று நாட்டின் நான்காவது பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பில் 23 லட்சம் பேர். ஆனால் உலகம் அறிந்த "ஹூஸ்டன் முறை" என்று ஒன்று இல்லை. வட கரோலைனாவின் சார்லட் நகரில் எட்டே முக்கால் லட்சம் பேர். அங்கும் இல்லை. அதே மாநிலத்தில் இருபதாயிரம் பேர்கூட இல்லாத லெக்சிங்டனுக்குத் தனக்கென்று ஒரு முறையே இருக்கிறது.

இன்றைய மக்கள்தொகைப் பட்டியலை எவ்வளவு நேரம் புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. 1900ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது என் கருத்து. ஒரு வட்டாரத்தின் பார்பிக்யூவைத் தீர்மானித்தது அந்த ஊர் இன்று எவ்வளவு பெரியது என்பதல்ல, அங்கே முதல் கடைகள் அடுப்பு மூட்டிய காலத்தில் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலோ கோவையிலோ பார்பிக்யூ என்றால் மேசை நடுவே கரியடுப்பு வைத்து, கம்பியில் கோத்த கறியைச் சுட்டுத் தின்பது என்றே பழகிவிட்டோம். அமெரிக்கத் தென்பகுதிக்காரர்கள் அதை பார்பிக்யூ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது விறகுத் தணலில், நேரடித் தீ படாமல், 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில், மணிக்கணக்கில் வேகும் கறி. மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கட் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுப் பன்றி என்றால் ஓர் இரவு. கடினமான, விலை மலிந்த கண்டங்களில் இருக்கும் கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாறுவதற்கு அத்தனை நேரம் வேண்டும். ஆக இந்தச் சமையலுக்கு மூன்று பொருள்கள் தேவை: மலிவான கறி, பக்கத்திலேயே கிடைக்கும் கடின மரம், இரவெல்லாம் கண்விழித்துத் தணலைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள்.

மூன்றாவதை அமெரிக்கப் பதிவுகள் நீண்ட காலம் பேசாமல் விட்டன. அடிமை முறை இருந்த காலத்தில் தோட்ட விருந்துகளிலும் அரசியல் கூட்டங்களிலும் நூற்றுக்கணக்கானோருக்குப் பள்ளம் தோண்டி, மரத்தை எரித்துத் தணலாக்கி, பன்றியையும் மாட்டையும் வேகவைத்தவர்கள் கறுப்பின மக்கள். விருந்து கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வந்தது. சமைத்தவர் பெயர் வருவது அரிது. அடிமை முறை ஒழிந்த பின் அந்தக் கைத்திறன் பிழைப்பு தேடி ஊர் ஊராகப் போனது. எங்கே போனது, அங்கே எந்தக் கறி கிடைத்தது என்ற கேள்விகளில்தான் ஊரின் அளவு உள்ளே வருகிறது.

1900 கணக்கெடுப்பின்படி வட கரோலைனாவின் மிகப்பெரிய நகரம் வில்மிங்டன். மக்கள்தொகை 20,976. சார்லட்டில் 18,091 பேர். அதாவது மாநிலம் முழுவதிலும் நகரம் என்று சொல்லத் தக்கது ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் பண்ணைகள், புகையிலை வயல்கள், சிறிய நெசவாலை ஊர்கள், மாவட்டத் தலைநகரங்கள். எல்லார் வீட்டிலும் பன்றி இருந்தது. ஆகவே பார்பிக்யூ எந்த நகரத்துக்கும் சொந்தமாகவில்லை, நிலப்பரப்புக்குச் சொந்தமாயிற்று. கடற்கரைப் பக்கத்துச் சமவெளியில் முழுப் பன்றியை வேகவைத்து, வினிகரும் மிளகாயும் உப்பும் கலந்த மெல்லிய சாற்றை ஊற்றுவார்கள். மேற்கே பீட்மான்ட் மேட்டுநிலத்தில் பன்றியின் முன்னந்தொடையை மட்டும் வேகவைத்து, அதே வினிகர்ச் சாற்றில் கொஞ்சம் தக்காளிக் கெட்சப் சேர்ப்பார்கள். இந்தக் கெட்சப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. முன்னந்தொடை வழக்கம் பென்சில்வேனியாவிலிருந்து இறங்கிவந்து குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்களிடமிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு.

லெக்சிங்டன் இந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. அது மாவட்டத் தலைநகர் என்பதால் அங்கே நீதிமன்றம் இருந்தது. அந்தக் காலத்தில் வழக்குகள் ஆண்டில் சில வாரங்கள் மட்டும்தான் விசாரிக்கப்படும். அந்த வாரங்களில் வாதிகள், பிரதிவாதிகள், சாட்சிகள், நடுவர் குழுவினர், வேடிக்கை பார்ப்பவர்கள் எனச் சுற்றுவட்டாரமே ஊருக்குள் வந்து இறங்கும். 1919 வாக்கில் சிட் வீவர், ஜெஸ் ஸ்வைஸ்குட் என்ற இருவர் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டு பார்பிக்யூ விற்கத் தொடங்கினார்கள். வாரம் முடிந்ததும் கூடாரம் மடிக்கப்படும். நாளடைவில் கூடாரம் நிலையான கடையாயிற்று. அவர்களிடம் வேலை கற்றவர்கள் தனிக்கடை போட்டார்கள். ஊரில் எத்தனை பேர் வசித்தார்கள் என்பது அந்தக் கடைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எத்தனை பேர் வந்துபோனார்கள் என்பதே கணக்கு. 1984இல் தொடங்கிய லெக்சிங்டன் பார்பிக்யூ திருவிழாவுக்கு இன்றும் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் வருகிறது.

கிழக்கே ஐடன் என்ற இன்னும் சிறிய ஊரில் பீட் ஜோன்ஸ் 1947இல் தொடங்கிய ஸ்கைலைட் இன் என்ற கடை இருக்கிறது. பிளந்த முழுப் பன்றியை ஓக் மரத் தணலின் மேல் இரவெல்லாம் வேகவைத்து, காலையில் எலும்பு நீக்கி, தடித்த மரக்கட்டையின் மேல் இரு கைகளிலும் வெட்டுக்கத்தி பிடித்து நறுக்குவார்கள். மொறுமொறுப்பான தோலையும் கறியோடு சேர்த்தே நறுக்குவார்கள். அதுதான் ருசியின் உயிர். காகிதத் தட்டில் கறி, கூடவே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஸ்லா, தட்டையான மக்காச்சோள ரொட்டி. கடையின் கூரையில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தைப் போலவே ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேர் உள்ள ஊர் தன்னைத் தலைநகர் என்று அறிவித்துக்கொள்கிறது. அதற்கு அந்த உரிமை முழுவதும் உண்டு என்றே நான் நினைக்கிறேன். 2003இல், உணவுத் துறைக்கு விருதுகள் வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை, லெக்சிங்டன் பார்பிக்யூ என்ற கடையையும் ஸ்கைலைட் இன்னையும் ஒரே ஆண்டில் அமெரிக்காவின் செவ்வியல் உணவகங்களாகக் கௌரவித்தது. இரண்டு ஊர்களின் மக்களையும் கூட்டினால் சார்லட்டின் ஒரு புறநகர் அளவுக்கே தேறும்.

டெக்சஸிலும் கதை ஏறத்தாழ இதுவே; கறிதான் வேறு. 1900இல் அந்த மாநிலத்தின் மிகப்பெரிய நகரம் சான் அன்டோனியோ, 53,321 பேர். ஹூஸ்டனில் 44,633. ஆஸ்டினில் 22,258. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் சிற்றூர்களில் கசாப்புக் கடை வைத்தார்கள். குளிர்பதனம் இல்லாத காலம். விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்தார்கள். துண்டு துணுக்குகளை அரைத்துத் தொத்திறைச்சி ஆக்கினார்கள். பருத்தி பறிக்கும் பருவத்தில் வந்த கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் மெக்சிகர்களும், அந்தச் சூடான கறியை வாங்கினார்கள். நிறவெறிச் சட்டங்களும் வழக்கங்களும் உணவகங்களின் கதவை அவர்களுக்கு மூடிவைத்திருந்தன. கசாப்புக் கடையில் வாங்கி, கறி சுற்றித் தரும் காகிதத்தை விரித்துத் தெருவோரத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டும் ஊறுகாயும் சேர்த்து உண்டார்கள். இன்று ஆஸ்டினில் பெருவிலை கொடுத்து வாங்கும் பிரிஸ்கட்டையும் அதே காகிதத்தில்தான் தருகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது அழகியலாகத் தெரிகிறது. அதன் பின்னால் உள்ள அவமானத்தையும் சொல்லியாக வேண்டும்.

லாக்ஹார்ட் அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. 2020இல் 14,379 பேர். 1999இல் டெக்சஸ் சட்டமன்றம் இதை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகராக அறிவித்தது. 1900இல் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட், 1932இல் தொடங்கிய பிளாக்ஸ் ஆகிய கடைகள் இங்கே இருக்கின்றன. க்ரூட்ஸின் பழைய கட்டடத்தில் இப்போது ஸ்மிட்டீஸ் மார்க்கெட் நடக்கிறது. உள்ளே நுழைந்தால் செங்கல் அடுப்புகளின் முனையில், தரையிலேயே, மறைப்பில்லாமல் விறகு எரிந்துகொண்டிருக்கும். வரிசையில் நிற்பவர் அந்த நெருப்பைத் தாண்டித்தான் கறி வாங்கப் போக வேண்டும். சுவர்கள் கரிபிடித்துப் பளபளக்கும். 1948இல் கடையை வாங்கிய ஷ்மிட் குடும்பத்தின் வாரிசுகளுக்குள் கட்டடம் ஒருவருக்கும் கடையின் பெயர் இன்னொருவருக்கும் என்று பிரிந்தது. 1999இல் பெயரை எடுத்துக்கொண்டு புதிய இடத்துக்குப் போனவர், பழைய அடுப்பின் தணலை ஓர் இரும்புத் தொட்டியில் போட்டு, தெருவழியே இழுத்துச் சென்று புதிய அடுப்பை மூட்டினார். க்ரூட்ஸில் பல பத்தாண்டுகள் சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. கறிக் கடைக்கு அவை எதற்கு என்பதே அவர்கள் வாதம்.

இனி நகரப் பெயர்களுக்கு வருவோம். 1900இல் கன்சாஸ் சிட்டியில் 1,63,752 பேர் இருந்தார்கள். மெம்பிஸில் 1,02,320. டெக்சஸிலும் கரோலைனாவிலும் இருந்த எந்த நகரத்தையும்விட இவை மிகப் பெரியவை. அளவைவிட முக்கியம் அவற்றின் தொழில். 1871இல் தொடங்கிய கன்சாஸ் சிட்டியின் கால்நடைச் சந்தை, சிகாகோவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரியதாக வளர்ந்தது. மேற்கே மேய்ந்த மாடுகள் ரயிலில் வந்து இங்கே இறங்கின. அறுவைக்கூடங்கள் வரிசையாக நின்றன. மாடு, பன்றி, ஆடு எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன. நல்ல கண்டங்கள் ரயிலேறிப் போய்விட, நெஞ்சுக்கறியும் விலா எலும்பும் மலிவாக உள்ளூரிலேயே தங்கின. சிற்றூர்க்காரர் தன் வட்டாரத்தில் கிடைத்த ஒரே விலங்கை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். கன்சாஸ் சிட்டிக்காரருக்கு அந்தக் கட்டாயமே இல்லை. அதனால்தான் அந்த நகரத்து முறையைக் குறிப்பிட்ட ஒரு கறியை வைத்து அடையாளம் சொல்ல முடிவதில்லை. எல்லாக் கறியும் உண்டு. அவற்றை ஒன்றாகக் கட்டுவது தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டியான சாஸ்.

அங்கே அடுப்பு மூட்டியவர் ஹென்றி பெர்ரி. மெம்பிஸ் நகருக்கு அருகே பிறந்து, நீராவிப் படகுகளின் சமையலறைகளில் வேலை பார்த்தவர். 1907இல் கன்சாஸ் சிட்டிக்கு வந்தார். அடுத்த ஆண்டே துணித் தொழிற்பேட்டையில் உழைப்பவர்களுக்குப் புகைக்கறியைச் செய்தித்தாளில் சுற்றி விற்கத் தொடங்கினார். ஓக், ஹிக்கரி விறகு, காரமான சாஸ். மாடு மட்டுமல்ல, ரக்கூன், ஒப்போசம் போன்ற காட்டு விலங்குகளும் அவர் கடையில் கிடைத்தன. பின்னர் கறுப்பின மக்களின் குடியிருப்பும் ஜாஸ் இசையும் செழித்த பதினெட்டாம் தெரு, வைன் தெரு வட்டாரத்துக்கு அருகே கடை வைத்தார். 1940இல் அவர் இறந்தபோது அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை எடுத்துக்கொண்டார். 1946இல் அவருடைய தம்பி ஆர்தர் பிரையன்ட் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் கேட்ஸ் குடும்பமும் தன் கடையைத் தொடங்கியது. அங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்டவரும் பெர்ரியிடம் பழகியவரே. பிரிஸ்கட்டின் கருகிய ஓரத்துண்டுகளைக் கல்லாவின் மேல் இலவசமாக வைத்ததும், பிறகு அதுவே "பர்ன்ட் எண்ட்ஸ்" என்ற புகழ்பெற்ற உணவானதும் ஆர்தர் பிரையன்டின் கடையில்தான்.

பெர்ரி தொழில் தொடங்கிய காலத்தை ஒட்டிய 1910 கணக்கெடுப்பைப் பாருங்கள்: கன்சாஸ் சிட்டி 2,48,381; ஹூஸ்டன் 78,800. இன்று ஹூஸ்டன் கன்சாஸ் சிட்டியைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அன்று கன்சாஸ் சிட்டி ஹூஸ்டனைப் போல மூன்று மடங்கு. உணவுக்குப் பெயர் வைத்தது அன்றைய கணக்கு.

மெம்பிஸ் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்திக்கும் கடின மரத்துக்கும் பெரிய சந்தை. மரம் மலிவு, தெற்கே பருத்தி விளையும் மிசிசிப்பி டெல்டாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் ஏராளம். பன்றிக்கறியைப் பிய்த்து ஸ்லாவோடு ரொட்டிக்குள் வைத்துத் தரும் சாண்ட்விச், மசாலாப் பொடியைத் தடவிச் சாஸ் இல்லாமல் தரும் விலா எலும்பு இரண்டும் அங்கே நிலைபெற்றன. இரண்டாவதற்குப் பெரும் புகழ் சேர்த்தது 1948இல் தொடங்கிய ரான்டவூ என்ற உணவகம்.

அப்படியானால் பெரிய நகரமாக இருந்திருந்தால் போதுமா? போதாது. என் வாதத்துக்கு எதிராக நிற்கும் மூன்று நகரங்களை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். 1900இல் நியூ ஆர்லியன்ஸில் 2,87,104 பேர். கன்சாஸ் சிட்டியைவிடப் பெரிய நகரம், சுற்றிலும் பன்றி வளர்க்கும் நாடு. ஆனால் அங்கே பார்பிக்யூ மரபு வேர்விடவில்லை. இறால், நண்டு, சிப்பி எனத் தண்ணீரிலிருந்து அன்றாடம் வந்த மலிவான உணவும், அதைச் சுற்றி ஏற்கெனவே முற்றி வளர்ந்திருந்த, பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழக்கங்கள் கலந்த கிரியோல் சமையலும் அந்த இடத்தை நிரப்பியிருந்தன. இரண்டாவது செயின்ட் லூயிஸ். 1900இல் 5,75,238 பேரோடு நாட்டின் நான்காவது பெரிய நகரம். அதற்கு ஒரு பங்கு கிடைத்தது: விலா எலும்புத் தட்டின் ஓரக் குருத்தெலும்பை நறுக்கிச் செவ்வகமாக்கும் வெட்டு அதன் பெயரைச் சுமக்கிறது. நான்கு பெரிய பெயர்களில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது சிகாகோ. இதை நினைத்தால் எனக்கு வருத்தமே வருகிறது. 1865இல் திறந்து 1971இல் மூடிய அதன் கால்நடைச் சந்தை உலகப் புகழ் பெற்றது. மிசிசிப்பியிலிருந்து லட்சக்கணக்கில் கறுப்பின மக்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். கறியும் இருந்தது, கைத்திறனும் இருந்தது. தெற்குப் பகுதிக் கடைகளில் கண்ணாடிச் சுவர் வைத்த, மீன்தொட்டி போன்ற ஓர் அடுப்பு உருவாயிற்று. கீழே விறகு எரியும், மேலே விலா எலும்பின் நுனித் துண்டுகளும் காரத் தொத்திறைச்சியும் வேகும். அவற்றை வறுத்த உருளைக்கிழங்கின் மேல் கொட்டி, சாஸ் ஊற்றி, வெள்ளை ரொட்டியோடு பொட்டலமாகத் தருவார்கள். இது முழுமையான, தனித்த மரபு. இருந்தும் அந்த நால்வர் பட்டியலில் இல்லை. உணவைப் பற்றி எழுதியவர்கள் அந்தத் தெருக்களுக்குப் போகத் தயங்கியதும், அந்த நகரம் நிறத்தால் அவ்வளவு கடுமையாகப் பிளந்து கிடந்ததும் காரணம் என்றே நான் கருதுகிறேன். புகழ் கறியை மட்டும் பார்த்து வருவதில்லை.

இப்போது இன்றைய ஒப்பீட்டுக்கு வருவோம். வேலை நிமித்தமாக அமெரிக்காவுக்குப் போகும் நம்மவர்களும் "எந்த ஊர் பெரியது" என்று பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியல் எளிதில் ஏமாற்றும். 2020இல் கன்சாஸ் சிட்டியில் 5,08,090 பேர். அட்லாண்டாவில் 4,98,715 பேர். பட்டியலின்படி கன்சாஸ் சிட்டி பெரியது. ஆனால் சுற்றுப்புறங்களையும் சேர்த்த பெருநகரப் பகுதியை எடுத்தால் கன்சாஸ் சிட்டியில் சுமார் 22 லட்சம்; அட்லாண்டாவில் சுமார் 61 லட்சம். மாநகர எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதால் வரும் வேறுபாடு இது. கன்சாஸ் சிட்டி இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கம்பக்கத்து நிலங்களைத் தொடர்ந்து இணைத்துக்கொண்டு சுமார் 815 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. அட்லாண்டா சுமார் 350இல் நின்றுவிட்டது. செயின்ட் லூயிஸோ 1876இலேயே தன் மாவட்டத்திலிருந்து பிரிந்து எல்லையைப் பூட்டிக்கொண்டது. சுமார் 160 சதுர கிலோமீட்டரில் 2020இல் மூன்று லட்சம் பேர். பெருநகரப் பகுதியிலோ 28 லட்சம். டெக்சஸ் நகரங்களுக்கு நிலத்தை இணைக்க நெடுங்காலம் தாராளமான சட்டம் இருந்தது. அதனால் சான் அன்டோனியோ பட்டியலில் ஏழாவது இடத்தில் இருக்கிறது. பெருநகரப் பகுதியாகப் பார்த்தால் முதல் இருபதிலும் வராது.

மெம்பிஸ் இருக்கும் டென்னஸி மாநிலத்தின் இன்னொரு நகரமான நாஷ்வில், மக்கள்தொகையில் மெம்பிஸை முந்தியதிலும் இந்தக் கோட்டுக்குப் பங்குண்டு. 1963இல் நாஷ்வில் தன் மாவட்டத்தோடு ஒன்றாகிவிட்டதால், மாவட்ட வளர்ச்சி கிட்டத்தட்ட முழுவதும் நகரக் கணக்கில் ஏறுகிறது. மெம்பிஸிலிருந்து புறநகருக்குப் போனவர்கள் நகரக் கணக்கிலிருந்து போய்விட்டார்கள். பார்பிக்யூ வரிசையில் மெம்பிஸ் ஓரடியும் பின்வாங்கவில்லை.

கன்சாஸ் சிட்டி இன்னும் சிக்கலானது. மிசௌரி, கன்சாஸ் என இரண்டு மாநிலங்களில் ஒரே பெயரில் இரண்டு மாநகராட்சிகள். 1980இல் தொடங்கிய அமெரிக்கன் ராயல் பார்பிக்யூ போட்டி நெடுங்காலம் மிசௌரிப் பக்கம் நடந்தது; 2016இல் கன்சாஸ் பக்கத்துக் கார்ப் பந்தயத் திடலுக்கு இடம்பெயர்ந்தது. அதாவது நகரத்தின் பெருமைக்குரிய போட்டி, பட்டியலில் வரும் அந்த ஐந்து லட்சம் பேரின் எல்லைக்குள்ளேயே இல்லை.

"தலைக்கு இத்தனை பார்பிக்யூ கடைகள், நாட்டிலேயே நாங்கள்தான் முதலிடம்" என்ற பெருமைப் பேச்சை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிற்றூர், மாநகர் வேறுபாடின்றிப் பல ஊர்கள் இதைச் சொல்கின்றன. இருபதாயிரம் பேர் உள்ள ஊரில் பதினைந்து கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த விகிதத்தை எட்ட, ஐந்து லட்சம் பேர் உள்ள நகரத்துக்கு 375 கடைகள் வேண்டும். வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் சிற்றூர் எப்போதும் வென்றுவிடும். மேலும் அந்தச் சிற்றூரின் கடைகளில் உண்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமா? லாக்ஹார்ட் ஆஸ்டினிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கணக்கெடுப்புத் துறை அதை, 2020இல் 23 லட்சம் பேர் வாழ்ந்த ஆஸ்டின் பெருநகரப் பகுதியில்தான் சேர்க்கிறது. லெக்சிங்டன் வின்ஸ்டன்-சேலம் பெருநகரப் பகுதியில் அடங்குகிறது. 14,379 என்பது லாக்ஹார்ட்டில் வசிப்பவர்களின் எண்ணிக்கை. சனி, ஞாயிறுகளில் கார் ஓட்டி வருபவர்களை வைத்துக் கணக்கிட்டால் அது வேறொரு ஊர்.

நகரத்துக்கும் கறிக்கும் இருந்த கட்டு அறுந்த ஆண்டு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் 1967 என்பேன். அயோவா பீஃப் பாக்கர்ஸ் என்ற நிறுவனம் அப்போது மாட்டை அறுக்கும் இடத்திலேயே கண்டங்களாக்கி, காற்று நீக்கி அடைத்து, பெட்டியில் அனுப்பத் தொடங்கியது. அதுவரை கடைக்காரர் மாட்டின் முன்பாதியை வாங்கி எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்க வேண்டும். பெட்டி வந்த பிறகு தேவையான கண்டத்தை மட்டும் வாங்க முடிந்தது. டெக்சஸ் கடைகளில் பிரிஸ்கட் மற்றக் கண்டங்களைப் பின்னுக்குத் தள்ளி அரசாளத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். மறுபுறம், அறுவைக்கூடங்கள் மாடு வளரும் சிற்றூர்களுக்கே போய்விட்டன. 1951 வெள்ளத்தில் பெருஞ்சேதம் கண்டிருந்த கன்சாஸ் சிட்டி கால்நடைச் சந்தை தேய்ந்து தேய்ந்து 1991இல் மூடப்பட்டது. மாடு போய்விட்டது, சாஸ் மிஞ்சியது. 1970களில் அங்கே ஒரு மருத்துவர் தொடங்கிய கே.சி. மாஸ்டர்பீஸ் என்ற இனிப்பான சாஸ், 1986இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய், நாடெங்கும் கடை அலமாரிகளை நிறைத்தது. பல அமெரிக்கர்களுக்கு இன்று பார்பிக்யூ சாஸ் என்றாலே அந்தச் சுவைதான்.

பெட்டியில் கறி எங்கும் போகும் என்றான பின் கைத்திறனும் பெருநகரத்தை நோக்கித் திரும்பியது. 2009இல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லர் வண்டியில் ஆரன் ஃபிராங்க்ளின் தொடங்கிய கடை, மத்திய டெக்சஸ் சிற்றூர் முறையை நகரத்தின் நடுவே கொண்டுவந்தது. 2015இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். அதே ஆண்டில் குடியிருப்புகளுக்கு அருகே உள்ள கடைகளின் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆஸ்டின் நகரமன்றத்தில் தீர்மானம் வந்து பெரும் வாக்குவாதமாயிற்று. ஊர் நெருக்கமானால் இரவெல்லாம் எரியும் விறகடுப்பு அண்டை வீட்டாரின் தூக்கத்தோடு மோதுகிறது. 2024இல் டெக்சஸுக்கு முதன்முறையாக வந்த, உணவகங்களுக்கு நட்சத்திரமிட்டுத் தரம் பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. மூன்று ஆஸ்டினில், ஒன்று ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்கில்.

ஆனாலும் ஓட்டம் ஒரே திசையில் இல்லை. டெக்சஸிலும் ஒரு லெக்சிங்டன் உண்டு, சுமார் 1,200 பேர் வாழும் ஊர். அங்கே 2003இல் தொடங்கிய ஸ்னோஸ் என்ற கடை சனிக்கிழமை காலையில் மட்டும் திறக்கும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் டூட்ஸி டொமானெட்ஸ் எண்பது வயதைக் கடந்த பின்னும் தணல் அள்ளியவர். 2008இல் டெக்சஸ் மன்த்லி இதழ் இந்தக் கடையை மாநிலத்திலேயே முதலிடத்தில் வைத்தது. தென் கரோலைனாவின் ஹெமிங்வே இன்னும் சிறியது. சில நூறு பேர்தான். அங்கே குடும்பக் கடையில் சிறுவயதிலிருந்தே முழுப் பன்றி வேகவைத்து வளர்ந்த ராட்னி ஸ்காட் 2017இல் சார்ல்ஸ்டனில் கடை திறந்தார். 2018இல் தென்கிழக்கு வட்டாரத்தின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்து பர்மிங்ஹாமுக்கும், 2021இல் அட்லாண்டாவுக்கும் போனார். தனக்கென்று ஒரு முறையை உருவாக்கிக்கொள்ளாத அறுபது லட்சம் பேரின் பெருநகரம், ஹெமிங்வேயின் முறையில் வெந்த பன்றிக்கறிக்கு வரிசையில் நின்றது.